‘பிளட்ஷெட்’ என்றால் வெட்டுக்குத்து: சொல்லைப் பிழையில்லாமல் ஆளும் முறை

கோபிசெட்டிபாளையம், பெருந்துறைப் பக்கம் வரப்புத் தகராறு முற்றும்போது பெரியவர்கள் இப்படிச் சொல்வார்கள்: “உக்காந்து பேசி முடிச்சுக்குங்க சாமி, இப்படியே உட்டா வெட்டுக்குத்துல போயி நிக்கும்.” ஆங்கிலத்தின் ‘பிளட்ஷெட்’ என்ற சொல்லுக்கு நம் ஊர்ப் பேச்சில் மிகக் கிட்டத்தில் நிற்பது இந்த ‘வெட்டுக்குத்து’தான். ரத்தக்கசிவு, ரத்தப்போக்கு, ரத்த இழப்பு என்பவை எல்லாம் வேறு. மனிதர் மனிதரை வெட்டியோ சுட்டோ அடித்தோ காயப்படுத்துவதையும் கொல்வதையும், அதிலும் ஒரு சண்டை, கலவரம், போர் என்ற மொத்தத்தில் நடப்பதைக் குறிப்பது பிளட்ஷெட்.

இதைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பிழைகள் போய்விடும். மீதிப் பாதி இலக்கணத்திலும் மொழிபெயர்ப்பிலும் வருகிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், செய்தி மொழிபெயர்ப்பவர்கள், பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவர்கள் மூவரும் தடுக்கி விழும் இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான்.

முதலில் ‘ஷெட்’

‘பிளட்’ யாருக்கும் சிக்கல் இல்லை. குழப்புவது ‘ஷெட்’. சோமனூரிலோ பல்லடத்திலோ வளர்ந்த பிள்ளைக்கு ஷெட் என்றால் தகரக்கூரை போட்ட தறி ஷெட். அந்தக் கொட்டகைக்கும் பிளட்ஷெட்டில் உள்ள ஷெட்டுக்கும் உறவு கிடையாது. எழுத்தும் ஒலிப்பும் ஒன்றாக இருப்பதால் வரும் மயக்கம் அது. ‘பிளட்ஷெட்’ என்றால் ஆடு அறுக்கும் கொட்டகை என்று நினைத்து விடை எழுதும் மாணவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். அந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்லாட்டர்ஹவுஸ்’ என்று தனிச்சொல் இருக்கிறது.

பிளட்ஷெட்டில் இருப்பது ‘ஷெட்’ என்ற வினைச்சொல். பழைய ஆங்கிலத்தில் அதற்குப் ‘பிரித்தல்’ என்று பொருள். பிரிந்து விழச் செய்தல், உதிரவிடுதல், சிந்துதல் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. இந்த வினைச்சொல்லும் நமக்குப் புதிதல்ல, தினமும் வாயில் புழங்குவதுதான். கரண்ட் போனால் ‘லோட் ஷெட்டிங்’ என்கிறோம். மின்கட்டமைப்பு தாங்காதபோது சுமையில் ஒரு பகுதியை வேண்டுமென்றே கழற்றிவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றுவது அது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து, குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடுவதற்கு நடுவில் ஒரு வழி திறக்கிறதே, அந்தத் திறப்புக்கு நெசவுப் பாடப்புத்தகத்தில் ‘ஷெட்’ என்றே பெயர். நூலைப் பிரிக்கும் அசைவு ‘ஷெட்டிங்’. வேளாண் துறைக்காரர்கள் பேசும் ‘வாட்டர்ஷெட்’டிலும் இதே பிரித்தல்தான் உள்ளே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை முகட்டில் விழும் மழை ஒரு பக்கம் அரபிக்கடலுக்கும், இன்னொரு பக்கம் நொய்யல் வழியாகக் காவிரிக்கும் போகிறது. நீர் பிரியும் அந்த முகடுதான் முதலில் வாட்டர்ஷெட் எனப்பட்டது. நீர் வந்து சேரும் நிலப்பரப்பு முழுவதையும் அப்படிச் சொல்வது பிறகு வந்த வழக்கம்.

தறி ஷெட்டுக்குள் நின்றுகொண்டே இந்த வேறுபாட்டை மாணவருக்குக் காட்டிவிடலாம். தலைக்கு மேலே இருக்கும் கூரை ஒரு ஷெட், தறிக்குள் திறக்கும் நூல்வழி இன்னொரு ஷெட். பிளட்ஷெட் இரண்டாவதின் இனம்.

இந்த ஒரே வினைக்குத் தமிழ் பல வினைகளை வைத்திருக்கிறது. மரம் இலையை உதிர்க்கும், பாம்பு சட்டையை உரிக்கும், நாய்க்கு முடி கொட்டும், மனிதர் கண்ணீரும் ரத்தமும் சிந்துவார்கள். ஆங்கிலத்தில் நான்குக்கும் ‘ஷெட்’ போதும். அதனால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது எது பிரிந்து விழுகிறது என்று பார்த்துவிட்டு வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடையில் ஒன்று: ‘உதிரம்’ என்ற சொல் ‘உதிர்’ என்பதிலிருந்து வந்ததாகச் சிலர் விளக்குவதுண்டு. அது ‘ருதிரம்’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். ஒலி ஒத்துப்போவதை வைத்து வேர் சொல்லிவிடக் கூடாது.

சொல்லைப் போடும் முன் கேட்க வேண்டியவை

மூன்று கேள்விகள் போதும். காயத்தை உண்டாக்கியது மனிதரின் செயலா? காயப்பட்டவர்கள் மனிதர்களா? ஒரு காயத்தைப் பற்றிப் பேசுகிறோமா, நடந்த வன்முறை முழுவதையும் பற்றியா? முதல் இரண்டுக்கும் ‘ஆம்’ வந்து, மூன்றாவதுக்கு ‘முழுவதையும்’ என்று வந்தால் பிளட்ஷெட்டைத் தயங்காமல் போடலாம்.

சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் விபத்து. அடிபட்டவருக்கு, நம் ஊர்ப் பேச்சில், “நெம்ப ரத்தம் போயிருச்சுங்க.” இந்தப் ‘போயிருச்சு’ என்ற வினையைக் கவனியுங்கள். யாரும் சிந்த வைக்கவில்லை, தானாகப் போனது. ஆங்கிலத்திலும் அதே போக்கில் ‘ஹி லாஸ்ட் எ லாட் ஆஃப் பிளட்’ என்றோ ‘ஹெவி பிளீடிங்’ என்றோ வரும். பிளட்ஷெட் வராது. தமிழில் ‘ரத்தம் போச்சு’ என்று சொல்லும் இடமா, ‘வெட்டுக்குத்து ஆச்சு’ என்று சொல்லும் இடமா என்று மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். அகராதியைத் திறப்பதைவிட இது வேகம்.

ரத்ததான முகாமில் 350 மில்லியோ 450 மில்லியோ எடுக்கிறார்கள். மனிதர் செயல், மனித ரத்தம். ஆனால் வன்முறை இல்லை. எனவே ‘டொனேட் பிளட்’. அளவு ஒரு பொருட்டே அல்ல. ஒரு துளி ரத்தம் வெளியே வராமல் அடித்தே கொன்ற கலவரத்தையும் பிளட்ஷெட் என்பார்கள். அரை லிட்டர் எடுத்த முகாமைச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது கேள்வியில் கொங்கு நாட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒரு தடுமாற்றம் உண்டு. கருப்பராயன் கோயில் கிடாவெட்டை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘பிளட்ஷெட்’ என்று போட்டுவிடுகிறார்கள். படிக்கிற வெளியூர்க்காரர் கோயிலில் கொலை நடந்ததாக நினைத்துக்கொள்வார். ‘கோட் சாக்ரிஃபைஸ்’ அல்லது ‘அனிமல் சாக்ரிஃபைஸ்’ என்றுதான் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தடுத்த 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே ‘அனிமல்ஸ் அண்ட் பேர்ட்ஸ் சாக்ரிஃபைஸஸ்’ என்றுதான் இருந்தது. அந்தச் சட்டம் 2004இல் நீக்கப்பட்டது. காலில் கத்தி கட்டி விடும் சேவற்கட்டுக்கு ஆங்கிலத்தில் ‘காக்ஃபைட்’. அந்த வகை விளையாட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொதுப்பெயர் ‘பிளட் ஸ்போர்ட்’. இரண்டு சொற்களாகப் பிரித்து எழுதுவார்கள்.

அண்ணன்மார் சாமி திருவிழாவின் படுகளத்தையும் பிளட்ஷெட் ஆக்கிவிட வேண்டாம். வீரர்கள் விழுந்த களத்தை நினைத்து ஆட்கள் மயங்கிச் சாய்வதும் பிறகு எழுப்பப்படுவதும் வழிபாட்டுச் சடங்கு. ‘படுகளம்’ என்ற சொல்லை அப்படியே வைத்து, ‘தி ஃபீல்ட் வேர் தி ஹீரோஸ் ஃபெல்’ என்று பக்கத்தில் ஒரு விளக்கம் கொடுப்பதே மரியாதையான வழி.

மூன்றாவது கேள்வி நுட்பமானது. ஒருவர் ஒருவரைக் கத்தியால் குத்தினார் என்றால் ‘ஸ்டாபிங்’. அண்ணன் தம்பி கைகலப்பு ‘ஸ்கஃபிள்’. இரண்டு ஊர்க் கூட்டம் மோதினால் ‘கிளாஷ்’. மோதலில் ஆட்கள் வெட்டுப்பட்டு, உயிர் போய், அது ஓயாமல் தொடரும் அபாயமும் இருந்தால்தான் பிளட்ஷெட் என்ற சொல்லின் கனத்துக்குப் பொருத்தமாகும். கீழ்பவானி வாய்க்கால் மடைத் தகராறில் நான்கு பேர் தள்ளிக்கொண்டதற்கு அதைப் போட்டால், நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொன்ன பழி வரும். செய்தி எழுதுகிறவர் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒரு சொல் ஊருக்குள் நெருப்பை மூட்டிவிடக்கூடும்.

இலக்கணம்

ஒரே சொல்லாக, இடைவெளியும் கோடும் இல்லாமல் எழுத வேண்டும். அழுத்தம் முதல் அசையில்: ‘பிளட்’டை ஊன்றி, ‘ஷெட்’டை லேசாக. ‘பிளட்’டில் உள்ள உயிரொலி ‘கட்’, ‘பஸ்’ போலக் குறுகியது. எழுத்தில் இரண்டு ‘ஓ’ இருப்பதைப் பார்த்து ‘ஃபுட்’ போல நீட்டக் கூடாது.

இது எண்ண முடியாத பெயர்ச்சொல். தண்ணீர், கோபம் போல. ‘எ பிளட்ஷெட்’ தவறு, ‘பிளட்ஷெட்ஸ்’ தவறு, ‘மெனி பிளட்ஷெட்’ தவறு. ‘மச் பிளட்ஷெட்’, ‘லெஸ் பிளட்ஷெட்’, ‘மோர் பிளட்ஷெட்’ சரி. வினை ஒருமையில்: ‘தி பிளட்ஷெட் ஹாஸ் ஸ்டாப்ட்’. இரண்டு தனித்தனிச் சம்பவங்களை எண்ணியே ஆக வேண்டுமென்றால் ‘டூ கிளாஷஸ்’, ‘டூ மாசக்கர்ஸ்’ என்று எண்ணக்கூடிய சொல்லுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

பெயர்ச்சொல்லை வினையாக்குவதுதான் தேர்வுத்தாள்களில் அடிக்கடி தென்படும் தவறு: ‘தே பிளட்ஷெட்டெட்’. அப்படி ஒரு வினை இல்லை. வினை வேண்டுமென்றால் ‘ஷெட் பிளட்’ என்று பிரித்துப் போடுங்கள். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘ஷெட்’ மூன்று காலவடிவிலும் மாறாது: இன்றும் ஷெட், நேற்றும் ஷெட், முடிந்த வினையிலும் ஷெட். ‘ஷெட்டெட்’ என்று நீட்டக் கூடாது. ‘கட்’, ‘புட்’ என்ற வரிசையில் சேர்த்து மனப்பாடம் செய்தால் மறக்காது.

சேர்ந்து வரும் சொற்களைக் கூட்டாகவே படியுங்கள். தனிச்சொல்லாகப் படித்தால் வாக்கியம் அமையாது. ‘அவாய்ட்’, ‘பிரிவென்ட்’, ‘ஸ்டாப்’, ‘எண்ட்’ ஆகிய வினைகள் முன்னால் வரும். ‘ஃபர்தர்’, ‘நீட்லெஸ்’, ‘சென்ஸ்லெஸ்’ ஆகியவை அடையாக வரும். ‘வித்தவுட் பிளட்ஷெட்’ மிகப் பயனுள்ள தொடர். ‘எண்டெட் இன் பிளட்ஷெட்’ என்பது அப்படியே நம் ‘வெட்டுக்குத்துல முடிஞ்சுது’. ‘இயர்ஸ் ஆஃப் பிளட்ஷெட்’ என்றால் ஆண்டுக்கணக்கில் நீண்ட வன்முறை. யாரிடையே நடந்தது என்று சொல்ல ‘பிட்வீன்’, எங்கே என்பதற்கு ‘இன்’. ‘அப்பாவிகளின் ரத்தம் சிந்துதல்’ என்பதற்கு ‘பிளட்ஷெட் ஆஃப் இன்னசென்ட்ஸ்’ என்பதைவிட ‘தி ஷெடிங் ஆஃப் இன்னசென்ட் பிளட்’ இயல்பாக இருக்கும்.

யாருடைய ரத்தம்?

‘ஷெட் பிளட்’ என்ற வினைத்தொடருக்கு இரண்டு முகம் உண்டு. ‘பிளட்ஷெட்’ என்ற பெயர்ச்சொல்லுக்குப் பொதுவாக ஒன்றுதான். தன் ரத்தத்தைச் சிந்தினால் தியாகம், பிறர் ரத்தத்தைச் சிந்த வைத்தால் கொடுமை. தமிழில் ‘சிந்து’ என்ற வினையும் இப்படித்தான் இரண்டு பக்கமும் திரும்பும்.

திருப்பூர் குமரனை எடுத்துக்கொள்வோம். 1932 ஜனவரி 10 ஊர்வலத்தில் போலீஸ் தடியடிபட்டு மறுநாள் உயிர்விட்டார். அவரைப் பற்றி ‘ஹி ஷெட் ஹிஸ் பிளட் ஃபார் ஃப்ரீடம்’ என்று எழுதலாம், அழகாக இருக்கும். ‘குமரன்’ஸ் பிளட்ஷெட்’ என்று எழுதினால் அவரே பிறரை வெட்டியதுபோலப் படும். வினையாகச் சொன்னால் தியாகம், பெயராக்கினால் வன்முறை. நினைவஞ்சலி, சிறப்பு மலர்க் கட்டுரைகளை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படித்துச் சரிபார்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

‘மாசக்கர்’ என்றால் எதிர்க்க வழியில்லாதவர்களைக் கூட்டமாகக் கொல்வது. எண்ணலாம், இடப்பெயரோடு சேரும்: 1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலாபாக் மாசக்கர். அங்கே பிளட்ஷெட் என்று போட்டால் இரு தரப்பும் மோதியதுபோல மங்கலாகிவிடும். யார் கொன்றார்கள், யார் செத்தார்கள் என்ற நியாயம் சொல்லுக்குள்ளேயே கரைந்துபோகும். தெரிந்தே இப்படி மங்கலாக்கும் எழுத்தும் உண்டு. மொழிபெயர்ப்பவர் அதற்குத் துணைபோகக் கூடாது.

‘கார்னேஜ்’ சதையைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. சிதறிக் கிடக்கும் உடல்களின் காட்சி அதில் உண்டு. அதனால் சாலை விபத்துகளுக்கும் அதைப் போடுகிறார்கள். ‘பிளட்பாத்’ எண்ணக்கூடியது; பங்குச்சந்தை சரிந்தாலும் ‘பிளட்பாத்’ என்பார்கள், பிளட்ஷெட் என்று வழக்கமாகச் சொல்வதில்லை. தமிழ் வணிகப் பக்கத்தில் ‘சந்தையில் ரத்தக்களரி’ என்று வருவது அதன் மொழிபெயர்ப்பு. ‘கோர்’ என்றால் கண்ணுக்குத் தெரியும் ரத்தம், படக்காட்சி பற்றிப் பேச உதவும். ‘ஜெனோசைட்’ சட்டச்சொல், ரஃபேல் லெம்கின் 1944இல் உருவாக்கியது, 1948இல் ஐ.நா. உடன்படிக்கையில் ஏறியது. இனத்தையே அழிக்கும் நோக்கம் இல்லாத இடத்தில் அதைத் தொடக் கூடாது. ‘பிளட்ஷாட்’ கண் சிவப்பது. மெட்ராஸ் ஐ வந்தவருக்கு ‘பிளட்ஷாட் ஐஸ்’. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து மாறினால் கண் நோய் கொலையாகிவிடும்.

தமிழில் கொண்டுவருவது

இயந்திர மொழிபெயர்ப்பு பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒரே சொல்லைப் போடும்: ‘இரத்தக்களரி’. ‘டு அவாய்ட் ஃபர்தர் பிளட்ஷெட்’ என்பது ‘மேலும் இரத்தக்களரியைத் தவிர்க்க’ என்று வந்து நிற்கிறது. தமிழ் வாக்கியத்துக்குப் பெயரைவிட வினைதான் உயிர். ‘மேலும் ரத்தம் சிந்தாமல் இருக்க’ என்றோ, ‘இனியும் உயிர்ப்பலி ஆகாமல் தடுக்க’ என்றோ எழுதுங்கள். ‘ஆன் எண்ட் டு தி பிளட்ஷெட்’ என்பது ‘ரத்தம் சிந்துவது நிற்க வேண்டும்’. ‘வித்தவுட் பிளட்ஷெட்’ என்பது ‘ரத்தம் சிந்தாமல்’ அல்லது ‘ஓர் உயிரும் போகாமல்’. உள்ளூர்ப் பேச்சு வரும் உரையாடலில் ‘வெட்டுக்குத்து இல்லாம’ என்று தாராளமாக வைக்கலாம். நாடுகளுக்கிடையேயான போரில் வைக்க முடியாது. துப்பாக்கிக்கும் குண்டுக்கும் அந்தச் சொல் ஒட்டாது.

‘ரத்தக்களரி’யை ஒதுக்கச் சொல்லவில்லை. களம் முழுக்க ரத்தமாய்க் கிடக்கும் காட்சியைச் சொல்லும்போது அதற்கு ஈடு இல்லை. கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதாகவும் ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டதாகவும் அசோகரின் 13ஆம் பாறைக் கல்வெட்டு சொல்கிறது. ‘தி பிளட்ஷெட் அட் கலிங்கா’ என்பதைக் ‘கலிங்கத்தின் ரத்தக்களரி’ என்று எழுதினால் சரியான கனம் கிடைக்கும்.

‘குருதி’யா, ‘ரத்த’மா என்பது நடையைப் பொறுத்தது. ‘குருதிக்கொடை’ என்று எழுதும் பத்திரிகை ‘குருதி சிந்தாமல்’ என்றே எழுதட்டும். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலப்பதுதான் உறுத்தும். ‘உதிரப்போக்கு’ மருத்துவச் சொல், பெரும்பாலும் பெண்களின் உடல்நலம் சார்ந்தது. பிளட்ஷெட்டுக்கு அதைப் போட்டால் பெரும் பிழை.

காவல் நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும்

இந்த இரண்டு இடத்திலும் சொல்லை அறவே தவிர்த்துவிடுங்கள். புகார் மனுவில் உள்ள ‘ரத்தக்காயம்’ ஆங்கிலத்தில் ‘பிளீடிங் இஞ்சுரி’. ‘கொடுங்காயம்’ என்பது ‘கிரீவஸ் ஹர்ட்’. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 116ஆம் பிரிவு அதற்கு விளக்கம் தருகிறது. காயம் எங்கே, எந்த ஆயுதத்தால், எத்தனை என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். பிளட்ஷெட் அந்த விவரம் எதையும் சொல்லாது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு மிகைப்படுத்தல் என்று காட்ட ஒரு பிடி கொடுக்கும். ஆஸ்பத்திரியில் ‘பிளீடிங்’ போதும். எவ்வளவு நேரமாக, எந்த இடத்திலிருந்து, எத்தனை துணி நனைந்தது என்று சேர்த்துச் சொன்னால் மருத்துவருக்கு உதவும்.

கை பழக

இந்த வாக்கியங்களை ஒரு தாளில் நீங்களே முதலில் ஆங்கிலமாக்கிவிட்டு, பிறகு ஒப்பிடுங்கள்.

“பெரியவங்க குறுக்க வந்ததால வெட்டுக்குத்து இல்லாம முடிஞ்சுது.” — ‘தி எல்டர்ஸ் ஸ்டெப்ட் இன் அண்ட் இட் எண்டெட் வித்தவுட் பிளட்ஷெட்.’ முன்னால் ‘எனி’ சேர்த்தாலும் சரி. ‘எ’ சேர்த்தால் தவறு.

“பஸ்ஸுல அடிபட்டு நெம்ப ரத்தம் போயிருச்சு.” — ‘ஹி வாஸ் ஹிட் பை எ பஸ் அண்ட் லாஸ்ட் எ லாட் ஆஃப் பிளட்.’

“ரெண்டு ஊருக்கும் நடுவுல இனி ரத்தம் சிந்தக் கூடாது.” — ‘தேர் மஸ்ட் பி நோ மோர் பிளட்ஷெட் பிட்வீன் தி டூ வில்லேஜஸ்.’ இங்கே தமிழ் வினை, ஆங்கிலத்தில் பெயராக மாறுவதைக் கவனியுங்கள்.

“ஓடாநிலையிலும் அரச்சலூரிலும் நடந்த சண்டைகளில் ரத்தம் சிந்தியது, 1805 ஜூலை 31இல் தீரன் சின்னமலை சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார்.” — முதல் பாதிக்கு ‘தேர் வாஸ் பிளட்ஷெட் இன் தி பேட்டில்ஸ் அட் ஓடாநிலை அண்ட் அரச்சலூர்’. இரண்டாம் பாதியில் பிளட்ஷெட் வராது, அது ‘எக்ஸிகியூஷன்’. அங்கே ‘ஹங்’ என்று எழுதாதீர்கள். சட்டையைத் தொங்கவிட்டால்தான் ‘ஹங்’. மனிதரைத் தூக்கிலிட்டால் ‘ஹாங்ட்’: ‘சின்னமலை வாஸ் ஹாங்ட் அட் சங்ககிரி.’